ஓடுகாலி

"உள்ளேருந்து திறக்க முடியாத மாதிரி ஒரு பூட்டு குடுங்க சாவிக்கா"ன்னு வந்து நின்னா வைண்டர் வீட்டம்மா.

நான் அப்பத்தான் கடைக் கதவைத் தூக்கி விட்டிருந்தேன். சாவி வெட்டுற மெஷினுக்கு எண்ணெய்கூட விடல. மழை ஒரு வாரமா விட்டபாடில்ல, கடை வாசல்ல தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்குது. குடை பிடிச்சும் அவ பாதி நனைஞ்சிருந்தா. சாவிக்கடை வெச்சிருக்குறதால இந்தத் தெருவுக்கே நான் சாவிக்கா. என்னைவிட மூத்த கிழவன்கூட அப்படித்தான் கூப்பிடுறான், அதையெல்லாம் கேக்குறதுக்கு எனக்கு நேரம் கிடையாது.

"எல்லாப் பூட்டும் அப்படித்தாம்மா. வெளியில போட்டா உள்ளேருந்து எவன் திறப்பான்? யாரை வெச்சுப் பூட்டப் போற?"

"எம்பொண்ணை."

"குட்டியவா?"

"அவதான். ஓடப் போறா."

நான் எண்ணெய்ப் புட்டியைக் கீழ வெச்சேன். என் கடைக்கும் அவங்க கடைக்கும் நடுவுல ஒரே ஒரு சுவரு. அந்தப் பக்கம் தும்முனா இந்தப் பக்கம் நான் நூறாயுசுங்கணும், அப்படி ஒரு சுவரு. மோட்டார் காயில் கட்டுற கடை அது, அதான் அவ புருசனுக்கு வைண்டர்னு பேரு. முன்னால கடை, பின்னால சமையல்கட்டு, மேல ரெண்டு ரூம். அந்த வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு சங்கதி நடக்குதுன்னா அது எனக்கே கௌரவக் குறைச்சல்.

"யாரு கூட?"

"அதான் தெரியலக்கா. நாலஞ்சு குரலு கேக்குது போன்ல. நேத்து சாயங்காலம் துணி எடுக்க மேல போறேன், இவ காதுல மாட்டுறதைக் கழட்டி வெச்சுட்டு சத்தமா வெச்சுப் பேசிக்கிட்டிருக்கா. ஒருத்தன் கேக்குறான், 'ஓடுகாலி, சனிக்கிழமை வருவியா, இல்ல அன்னிக்கும் பாதியில ஓடிருவியா?'ன்னு. என் காதால கேட்டேன். ஓடுகாலிங்குறான்க்கா, நான் பெத்த பொண்ணை!"

"அவ என்ன சொன்னா?"

"வெக்கமே இல்லாம, 'உயிரே போனாலும் வருவேன், எவன் தடுத்தாலும் வருவேன்'ங்குறா. சொல்லிட்டு அழுவுறா. 'அன்னிக்கும்'னு சொன்னானே, அப்ப ஏற்கெனவே எத்தனை தடவை ஓடியிருக்கா? எப்ப ஓடுனா? நான் எங்க போயிருந்தேன்?"

"ஏம்மா, காலையில ஏழு மணியிலேருந்து உன் கண்ணு முன்னால காயில் கட்டிக்கிட்டிருக்குறவ எப்ப ஓடியிருப்பா?"

"அதைத்தான் நானும் ராத்திரி பூரா யோசிச்சேன்."

"அவளைக் கேட்டியா?"

"கேட்டா அவ ஜாக்கிரதை ஆயிருவால்ல? நீங்க பூட்டைக் குடுங்க."

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறுச்சு. இவ எப்பவும் இப்படித்தான். கேக்க வேண்டியவங்களைக் கேக்கமாட்டா, ஊரைக் கேப்பா. "பூட்டு அப்புறம் வாங்கிக்கலாம், நட"ன்னு கடையை அப்படியே போட்டுட்டு அவ குடைக்குள்ள நுழைஞ்சேன்.

அந்தக் கடைக்குள்ள காலு வைக்க இடமில்ல. மழைத் தண்ணி புகுந்து ஊருல இருக்குற மோட்டார் எல்லாம் ஒரே நேரத்துல கருகிப்போச்சு. வீட்டுத் தண்ணி மோட்டார், மாவு மில்லு மோட்டார், பண்ணை மோட்டார், எல்லாம் வாசல் வரைக்கும் வரிசை. கருகுன காயில் வாடையும் வார்னிஷ் வாடையும் மூக்கை அடைக்கும். வைண்டர் தரையில கால் நீட்டி உக்காந்து, உளியால பழைய காயிலை வெட்டி இழுத்துக்கிட்டிருந்தாரு. பேசுனா முத்து உதிர்ந்துரும்னு நெனைக்கிற மனுசன்.

குட்டி ஸ்டூல்ல உக்காந்திருந்தா. மோட்டார் வயித்துல இருக்குற நீளப் பள்ளங்கள்ல பேப்பரை மடிச்சு மடிச்சுச் சொருகி, அதுக்கு மேல செம்புக் கம்பியை ஒவ்வொரு இழையா மூங்கில் சில்லால அழுத்தி இறக்கிக்கிட்டிருந்தா. அந்த வேலையில கம்பி மேல பூச்சு லேசா உரசிட்டாப் போச்சு, கட்டுனது அத்தனையும் தண்டம். அவ கையில அப்படி ஒரு தடவை ஆனதை நான் பாத்ததில்ல. இருபது வயசுப் பொண்ணு, படிப்பை நிறுத்தி இங்க உக்கார வெச்சாங்க. அதைப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசுனதில்ல. கண்ணு மட்டும் அன்னிக்கு வீங்கியிருந்துச்சு.

நான் சுத்தி வளைக்கல. "ஏண்டி, யாருடி அவன்?"

"எவன் பெரியம்மா?"

"சனிக்கிழமை யாரோட ஓடப் போற?"

மூங்கில் சில்லு கையிலேருந்து கீழ விழுந்துச்சு. என்னைப் பாத்தா, அம்மாவைப் பாத்தா. உளிச் சத்தம் நின்னுபோச்சு.

"என்னம்மா சொல்றாங்க பெரியம்மா?"

"நடிக்காதடி. நேத்து என் காதால கேட்டேன். ஓடுகாலின்னு ஒருத்தன் கூப்பிடுறான், நீயும் வருவேங்குற."

குட்டிக்கு ஒரு நொடி ஒண்ணும் புரியல. புரிஞ்சதும் தலையில அடிச்சுக்கிட்டா. "அய்யோ கடவுளே! அது விளையாட்டும்மா! போன்ல ஆடுற விளையாட்டு!"

"ஓடிப்போறது விளையாட்டாடி?"

"அம்மா, கொஞ்சம் வாயை மூடு. பெரியம்மா, நீங்களாவது கேளுங்க. நாங்க அஞ்சு பேரு ஒரு டீமு. எதிர்ல அஞ்சு பேரு. எங்களுக்கு ஒரு கோட்டை, அவங்களுக்கு ஒரு கோட்டை. நாலு பேரு முன்னால போயி சண்டை போடுவாங்க, கோட்டையைக் காக்குறது நானு. தோக்குற மாதிரி இருந்தா சில பேரு பாதி ஆட்டத்துல விட்டுட்டுப் போயிருவாங்க. மிச்ச நாலு பேரும் அஞ்சு பேருகிட்ட மிதி வாங்கணும். அதைவிடக் கேவலம் அந்த ஆட்டத்துல கிடையாது. அப்படிப் போறவங்களுக்குப் பேருதான் ஓடுகாலி. ஆம்பளையா இருந்தாலும் அதே பேருதான்."

"அப்ப நீ பாதியில போறியா?"

"நான் போனதே இல்ல பெரியம்மா!" அவ குரல் உடைஞ்சுபோச்சு. "கோட்டையை விட்டு ஒரு அடி நகரமாட்டேன். அதனாலதான் என்னைச் சேத்தாங்க. ஆனா கொஞ்ச நாளா நான் பாதியில போறதா காட்டுது. ஆடிக்கிட்டே இருப்பேன், திடீர்னு வெளிய தள்ளிரும். நான் ஆடாத நேரத்துலகூட, மத்தியானம் ஆட வந்தே, கெட்ட வார்த்தையா எழுதுனே, தோத்ததும் ஓடிட்டேங்குறாங்க. மத்தியானம் நான் இந்த ஸ்டூல்லதான இருக்கேன்?"

வைண்டர் வாயைத் திறந்தாரு. "மோட்டார் போட்டுப் பாக்குறப்ப கரண்டு இறங்குது. நெட்டு பொட்டி அணைஞ்சிருது. என்னாலதான்னு நெனச்சு, இவ ஆடுற நேரத்துல நான் சுவிட்சைத் தொடுறதில்ல."

அதான் விஷயமா! சாயங்காலம் ஆனா இந்த மனுசன் மோட்டாரை ஓட்டிக் காட்டமாட்டேன்னு அடம் பிடிக்கிறாரு, வர்றவன் போறவன் எல்லாம் வாசல்ல நின்னு கத்துறான், என்னடா இதுன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

"சனிக்கிழமை பெரிய போட்டி"ன்னா குட்டி. "எவ்வளவோ டீமு ஆடி, வடிகட்டி வடிகட்டி எட்டு டீம்தான் மிச்சம். இன்னொரு தடவை ஓடுனா என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுருவோம்னு சொல்லிட்டாங்க. இந்தக் கடையில நான் வைண்டர் பொண்ணு, காயில் கட்டுறவ. அங்க நான் காவல்காரி. என்னை நம்பித்தான் நாலு பேரு கோட்டையை விட்டு வெளிய போறாங்க. எனக்கு இருக்குறது அது ஒண்ணுதான் பெரியம்மா."

அவ அம்மா மூச்சை இழுத்து விட்டா. முகத்துல ரத்தம் திரும்ப வந்துச்சு. "அப்ப ஓடல?"

"ஓடலம்மா."

"யாரும் இல்ல?"

"ஒருத்தனும் இல்ல."

"அப்பாடா! ஒரு விளையாட்டுக்கா இவ்வளவு கலாட்டா? வயித்துல நெருப்பைக் கட்டிவெச்சியேடி. சாவிக்கா, இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க"ன்னு அவ சமையல்கட்டுக்குப் போயிட்டா. அவளுக்கு அதோட முடிஞ்சுபோச்சு. எனக்கே அவளை நாலு அறை விடலாம் போல இருந்துச்சு, பெத்தவளைச் சொல்றேன்.

மத்தியானம் நானும் வீட்டம்மாவும் சாப்பிட உக்காந்தோம். சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். மழையில எங்கயும் போக முடியாம நானும் வெக்கத்தை விட்டு ரெண்டாந்தடவை வாங்கிக்கிட்டேன். மேல மாடியில வீட்டம்மாவோட தம்பி இருந்தான். அவனுக்குப் பேரு தொரை. வேலைக்குப் போகாத தொரை. கொரியர் கம்பெனியில சேந்தான், பாதி மாசத்துல வந்துட்டான். டிரைவிங் பழகப் போனான், ரிவர்ஸ் கத்துக்குறதுக்கு முன்னாடியே நின்னுட்டான். கல்யாணம் பண்ணி வெச்சாங்க, அந்தப் பொண்ணு நல்லவ, அவளையும் விட்டுட்டு வந்து அக்கா வீட்டு மாடியில படுத்துக்கிட்டான். கேரம் ஆடுனாக்கூட தோக்குற மாதிரி இருந்தா முழங்கை தெரியாமப் பட்டுப் போர்டு கலைஞ்சிரும். ஒவ்வொரு தடவையும் அக்காக்காரி போயி, "சின்னப் பையன், விவரம் தெரியாது"ன்னு சொல்லிட்டு வருவா. சின்னப் பையனுக்கு முன்மண்டை வழுக்கை.

"தொரைக்குத் தட்டை மேல அனுப்பணும்"ன்னு அவ எழுந்தா. முட்டைப் பொரியல்ல பாதி அந்தத் தட்டுல இருந்துச்சு.

அப்பத்தான் முன்னால கடையில குட்டி போன் அடிச்சுது. அவ ரெண்டு கையும் வார்னிஷ் தொட்டியில, முழங்கை வரைக்கும் பிசுபிசுன்னு. "பெரியம்மா, கொஞ்சம் எடுத்துக் காதுல வைங்க"ன்னா. நான் போயி எடுத்து, எதுக்கு இருக்கட்டும்னு சத்தமா வெச்சேன்.

"ஏய் ஓடுகாலி!" பொம்பளைக் குரல். பின்னாடி தகரத் தட்டு தடதடன்னு விழற சத்தம். "உனக்கு மனசாட்சி இருக்கா? இன்னும் பத்து நிமிசம் நின்னிருந்தா ஜெயிச்சிருப்போம்டி!"

"கேப்டன், நான் ஆடவே இல்ல. என் கை வார்னிஷ்ல இருக்கு."

"உன் கை வார்னிஷ்ல இருந்தா எங்களை நாயே பேயேன்னு எழுதுனது யாரு? உன் ஆவியா? நானே அடுப்புல ரொட்டியைப் போட்டுட்டு, கிடைக்கிற சந்துல உங்களோட ஆட வர்றேன்..."

வீட்டம்மா தட்டோட வாசப்படியில நின்னா. "கேப்டன்னா பொம்பளையா?"ன்னா என்கிட்ட மெதுவா. இப்ப அதுவா முக்கியம்?

மேல மாடியிலேருந்து "செத்தாண்டா! சாவுங்கடா எல்லாரும்!"னு ஒரு சத்தம். அப்புறம் சிரிப்பு.

வைண்டர் உளியைக் கீழ வெச்சாரு. நிமுந்து மாடிப்படியைப் பாத்தாரு. "மேல ஆடுறது யாரு?"ன்னாரு.

வீட்டம்மா தட்டை முந்தானையால மூடுனா.

"அம்மா"ன்னா குட்டி. "உனக்குப் பேசுறதுக்குன்னு என் பழைய போனைக் குடுத்தேனே, அது எங்க?"

"எனக்கு எதுக்குடி அவ்வளவு பெரிய போனு. தம்பி கேட்டான், குடுத்துட்டேன்."

"அதுல என் விளையாட்டு ஐடி அப்படியே இருந்துச்சேம்மா!"

தொரை சட்டை போடாம, பல்லைக் குத்திக்கிட்டே இறங்கி வந்தான். எல்லாரும் அவனையே பாக்குறதைப் பாத்து, "என்னா?"ன்னான். விசாரிச்சதுல ஒளிவு மறைவு கிடையாது. அந்த விஷயத்துல அவன் நேர்மையானவன். "என் ஐடியைத்தான் அந்தப் படுபாவிங்க பிளாக் பண்ணிட்டாங்களே. இதுல உம்பேரு இருந்துச்சு, சரி சொந்த மருமகதானன்னு ஆடுனேன். ஒரே ஐடிடி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இருந்தா ஒருத்தரை வெளிய தள்ளிரும். அதான் உன்னைத் தள்ளியிருக்கும். நான் வேணும்னா செஞ்சேன்?"

"பாதியில ஏன் மாமா போனே?"

"தோக்குற ஆட்டத்துல எவன் உக்காந்திருப்பான்? அந்த நாலு பேருக்கும் ஆடவே தெரியல."

"அவங்களை ஏன் திட்டுனே?"

"ஆடத் தெரியாதவனைக் கொஞ்சவா முடியும்?"

வைண்டருக்குக் கழுத்து நரம்பு புடைச்சுது. அவரு வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே வீட்டம்மா நடுவுல பூந்துட்டா. "சரி விடுங்க, தெரியாமப் பண்ணிட்டான். விளையாட்டுக்கெல்லாமா ரோஷப்படுறது? அவனுக்கும் பொழுது போக வேணாமா?"

குட்டி வார்னிஷ் சொட்டுற கையோட எழுந்து நின்னா. அவ சத்தமா பேசி நான் கேட்டது அன்னிக்குத்தான். "நான் ஓடிருவேன்னு நெனச்சதும் பூட்டு வாங்க ஓடுனியேம்மா. ஓடாத என்னை ஊரெல்லாம் ஓடுகாலின்னு சொல்ல வெச்சிருக்கான் உன் தம்பி. இதுக்கு என்ன வாங்கப் போற? முட்டைப் பொரியலா?"

வீட்டம்மா தட்டை எங்க வைக்கிறதுன்னு தெரியாம மோட்டார் மேலயே வெச்சா.

போன் இன்னும் என் கையிலதான் இருந்துச்சு. கேப்டன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்திருக்கா. "ஏம்மா, போனைப் பிடிச்சிருக்குறவங்களே"ன்னு என்னைக் கூப்பிட்டா. "இந்தக் கதையை நான் நம்புவேன், மத்தவங்க நம்பமாட்டாங்க. ஓடுனவங்க எல்லாருக்கும் ஒரு மாமா இருப்பான், ஒரு தம்பி இருப்பான், ஒரு பூனை இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு ஆட்டம் வைக்கிறேன். அஞ்சு பேரும் இருப்போம். முழுசா ஆடட்டும். தோத்தாலும் பரவால்ல, கடைசி வரைக்கும் நின்னா சனிக்கிழமை அவதான் காவல். நடுவுல போயிட்டா, நானே நெனச்சாலும் காப்பாத்த முடியாது."

குட்டி தொரைகிட்டத் திரும்புனா. "மாமா, என் கண்ணு முன்னால என் ஐடியிலேருந்து வெளிய வா."

அவன் போனை எடுத்தான், ரெண்டு தட்டு தட்டுனான். "வந்தாச்சு, பாரு"ன்னு காட்டுனான். திரையில ஆட்டம் காணல, வெறும் படம்தான் தெரிஞ்சுது. குட்டி கையை நீட்டுனா, கை பூரா வார்னிஷ். "விடுடி, வந்துட்டேன்னு சொல்றான்ல"ன்னா அக்காக்காரி. நானும் அங்கதான் நின்னேன். கதவைச் சாத்துறது வேற, பூட்டுறது வேறன்னு தினமும் நாலு பேருக்குப் பாடம் எடுக்குறவ நான். எனக்கே தோணல.

நாலு மணிக்குக் குட்டி கையை மண்ணெண்ணெய் விட்டுத் தேச்சுக் கழுவி, கடை மூலையில ஸ்டூலைப் போட்டு உக்காந்தா. நெட்டு பொட்டிக்குப் பக்கத்துல அவ அம்மா முக்காலி போட்டுக் காவல். வைண்டர் சுவிட்சுப் பலகைக்கு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. நான் என் கடைக்குப் போகல. போனா அங்க என்ன, சுவத்துல காதை வெச்சுக்கிட்டுத்தான் நிக்கணும்.

ஆட்டம் எனக்குப் புரியல. பச்சையும் சிவப்புமா ஓடுது, வெடிக்குது. ஆனா குட்டி குரல் புரிஞ்சுது. "வலது பக்கம் ரெண்டு பேரு வர்றாங்க. நீங்க போங்க, நான் பாத்துக்குறேன். போங்கன்னா, நான் இருக்கேன்." இத்தனை அதிகாரமா பேசுவாளா இவ? அவ அம்மா வாயைப் பொளந்து பாத்துக்கிட்டிருந்தா.

அந்த நேரம் பாத்து வந்தாரு பால் பண்ணைக்காரரு. ரெயின்கோட்டுலேருந்து தண்ணி சொட்டச் சொட்ட. "என் மோட்டார் ரெடியா?"

"ரெடி"ன்னாரு வைண்டர்.

"ஓட்டிக் காட்டுங்க, எடுத்துட்டுப் போறேன்."

"அரை மணி நேரம் ஆகும்."

"ரெடின்னீங்க?"

"ரெடிதான். ஓட்டிக் காட்ட அரை மணி ஆகும்."

"ஏங்க, சுவிட்சைப் போடுறதுக்கு அரை மணி நேரமா? மாடுங்க காலையிலேருந்து தண்ணிக்குக் கத்துது!"

"கத்தட்டும்."

"என்னாய்யா மனுசன் நீ? உனக்கு மோட்டாரை நம்பிக் குடுத்தேன் பாரு..." அவரு சுவிட்சுப் பலகைக்குக் கையை நீட்டுனாரு. வைண்டர் நகரல. ஒல்லி மனுசன், பண்ணைக்காரரு ஒரு தள்ளு தள்ளுனா விழுந்துருவாரு. "தொட்டா கையை ஒடிச்சிருவேன்"னாரு. வாழ்நாள்ல அவரு பேசுன பெரிய வசனம் அதுதான். பண்ணைக்காரரு அசந்து போயி நின்னுட்டாரு.

"ரெண்டு பேரு செத்தாச்சு. பரவால்ல, கோட்டை இருக்கு. நான் இருக்கேன்"னா குட்டி. நெத்தி பூரா வேர்வை. "இன்னும் கொஞ்சந்தான். இன்னும் கொஞ்சந்தான், கேப்டன்..."

அதோட நின்னுபோச்சு.

திரையில ஒரே வெள்ளை. குட்டி ரெண்டு விரலால தட்டுனா, திரும்பத் தட்டுனா. நிமுந்து அப்பாவைப் பாத்தா. வைண்டர் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டுனாரு, போலீசுக்காரன் முன்னால நிக்கிறவன் மாதிரி. "நான் தொடல தாயி. நான் தொடவே இல்ல." லைட்டு கொஞ்சம்கூட மங்கல. நெட்டு பொட்டியில பச்சை விளக்கு ஜம்முனு எரியுது.

மாடிப்படியில தடதடன்னு சத்தம். தொரை ரெண்டு ரெண்டு படியா தாவி இறங்கி வந்தான். மூஞ்சி பூரா சிரிப்பு. "சொல்லிட்டேன்! நானே ஆட்டத்துக்குள்ள போயி, 'ஓடுனது நான்தான், என் மருமக இல்ல, மன்னிச்சுக்குங்க'ன்னு எழுதிட்டேன்! அக்கா, உன் தம்பி மேல இனிமே ஒரு குத்தம் சொல்லக் கூடாது!"

குட்டி அவனையே பாத்தா. "உள்ள போனியா?"

"ஆமா, மன்னிப்புக் கேக்க!"

"நீ உள்ள போனா நான் வெளிய வந்துருவேன்ல மாமா? மத்தியானம் நீதானே சொன்னே?"

அவன் சிரிப்பு அப்படியே நின்னுச்சு. கையில இருந்த போனைப் பாத்தான், மருமகளைப் பாத்தான். "எழுதி முடிச்சதும் வெளிய வந்துட்டேனே. எவனோ அடிக்க வந்தான், அதான் உடனே வந்துட்டேன்"னான்.

அதாவது, மன்னிப்புக் கேக்கப் போன ஆட்டத்துலேருந்தும் பாதியில ஓடி வந்திருக்கான்.

பண்ணைக்காரருக்குக்கூட ஏதோ கெட்டுப்போச்சுன்னு புரிஞ்சு, ரெயின்கோட்டை இழுத்துக்கிட்டு ஓரமா நின்னாரு. போன் அடிச்சுது. குட்டி எடுக்கல. மடியில வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தா. அவ அம்மா முக்காலியிலேருந்து எழுந்து வந்து, அந்தப் போனைத் தானே எடுத்தா, நான் பக்கத்துல போயி காதை வெச்சேன்.

"அம்மா பேசுறேன்."

"எந்த அம்மா?"

"ஓடுகாலின்னு சொல்றீங்கள்ல, அவளைப் பெத்தவ."

சின்னப் பையன், விவரம் தெரியாதுன்னு இவ இப்ப ஆரம்பிக்கப் போறான்னு நெனச்சேன். தொரையும் அப்படித்தான் நெனச்சிருப்பான், சுவத்துல சாஞ்சு நிம்மதியா நின்னான்.

"ஓடுனது எம்பொண்ணு இல்லம்மா. எந்தம்பி. கூடப் பொறந்தவன். இப்ப ஓடுனதும் அவன்தான், முன்னாடி ஓடுனதும் அவன்தான், உங்களை நாயே பேயேன்னதும் அவன்தான். அவனுக்கு அந்தப் போனைக் குடுத்தது நானு. அவன் எங்கெங்க பாதியில விட்டுட்டு வந்தானோ அங்கெல்லாம் நான் போயி சமாதானம் சொல்லியிருக்கேன். மொதலாளிங்ககிட்ட சொல்லியிருக்கேன். அவன் கட்டுன பொண்ணு வாசல்ல நின்னு சொல்லியிருக்கேன். இன்னிக்கு சமாதானம் சொல்ல நான் எடுக்கல. அவனைத் திட்டணும்னா எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. அந்தப் பேரு அவனுக்குத்தான். எம்பொண்ணை இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க."

கடையில எல்லாரும் கேட்டோம். பண்ணைக்காரரும் கேட்டாரு, வெளிய மழைக்கு ஒதுங்கி நின்ன ரெண்டு பேரும் கேட்டாங்க. தொரைக்கு மூஞ்சி கறுத்துப்போச்சு. "அக்கா!"ன்னான். அவ திரும்பல.

அப்புறம் கேப்டன் பேசுனா, குரல் இறங்கிப்போயி. "அவன் எழுதுனதை நாங்களும் பாத்தோம்மா. உங்க பொண்ணை நாங்க நம்புறோம். எல்லாரும் நம்புறோம். ஆனா ஐடியைப் பூட்டுறது நாங்க இல்ல, அந்த ஆட்டக் கம்பெனி. பாதியில போனதைக் கணக்கு வெச்சு அதுவே பூட்டிரும். பூட்டிருச்சு. சனிக்கிழமை தாண்டித்தான் திறக்கும். புது ஐடியில வந்தா சேத்துக்கமாட்டாங்க. அவகிட்ட... அடுத்த தடவை பாக்கலாம்னு சொல்லுங்கம்மா."

போனை வெச்சுட்டு அவ மகளைப் பாத்தா.

"நம்புனாங்களா?"ன்னா குட்டி.

"நம்பிட்டாங்கடி. எல்லாரும்."

"சனிக்கிழமை?"

அவ அம்மா தலையை மட்டும் ஆட்டுனா, இல்லைன்னு. குட்டி முழங்கால்ல மூஞ்சியைப் புதைச்சு ஓன்னு அழுதா. ஏழெட்டு வயசுல அந்தப் பொண்ணு அப்படி அழுது பாத்தது. வைண்டர் போயி பக்கத்துல நின்னாரு, கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டாரு. பண்ணைக்காரரு, "ஒண்ணும் அவசரமில்லைங்க, நான் அப்புறம் வர்றேன்"னுட்டு மழையில இறங்கிப் போயிட்டாரு.

வீட்டம்மா சமையல்கட்டுக்குப் போனா. நானும் பின்னாலயே போனேன், தொரையும் வந்தான்.

"கெளம்புடா"ன்னா அவ.

"எங்கக்கா?"

"எங்கயாவது. உனக்கா போறதுக்குக் கத்துக் குடுக்கணும்?"

அவன் போகல. இந்தக் கூத்தை என்னன்னு சொல்றது? வேலையில பாதி, டிரைவிங்ல பாதி, கல்யாணத்துல பாதி, விளையாட்டுலகூடப் பாதியில எழுந்து போறவன், போடான்னு வாயைத் திறந்து சொன்னா மட்டும் சம்மணம் போட்டு உக்காருறான். கதவுல சாஞ்சு உக்காந்து, காலை நீட்டிக்கிட்டான்.

"கோவம் இருக்கும், இருக்கட்டும். எல்லாம் சரியாப் போயிரும். மத்தியானமும் நான் சாப்பிடல, அந்தத் தட்டை மோட்டார் மேல வெச்சு ஆறிப்போச்சு. சோறு போடு. சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம்க்கா."

அவ அடுப்புக்கிட்ட நின்னா. முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுது.

"சோறு தீந்துபோச்சு"ன்னா.

அவன் எக்கிப் பாத்தான். பானையில கழுத்து வரைக்கும் சோறு இருந்துச்சு. அவனுக்கும் தெரிஞ்சுது, எனக்கும் தெரிஞ்சுது. அவ மூடியை எடுத்து மூடுனா.